கரண்ட் போன நேரத்தில் மணப்பெண்ணின் நகம்

இன்று மதியம் ஈஜிபுராவில் என் நெயில் பார்லரில் கரண்ட் போய் ஏசி நின்றது. எதிரே, மாலை ரிசப்ஷனுக்குக் கிளம்ப வேண்டிய மணப்பெண்.

செயற்கை நகத்துக்காக, தூளும் திரவமும் குழைத்த அக்ரிலிக் உருண்டையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தேன். பிரஷ்ஷால் பரப்புவதற்குள், அறைப் புழுக்கத்தில் அது சட்டென்று சூடேறிக் கல்லாக இறுகிவிட்டது.

"ஐயோ அக்கா, சுடுது!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

நகம் வெந்திருந்தால் அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

பயந்துகொண்டே ராவி எடுத்தேன். நல்லவேளை, நகத்துக்கு ஒன்றுமில்லை.

பிறகு அக்ரிலிக் திரவத்தை ஐஸ் தண்ணீரில் குளிரவைத்து, உருண்டையைப் பாதியாக்கி, விரல் விரலாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும், "சுடுதாம்மா?"

பத்தாவது விரலில் அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க கைதான் நடுங்குது. கொஞ்சம் தண்ணி குடிங்க."

கல்யாணம் அவளுக்கு, படபடப்பு எனக்கு. உங்களில் யாரையாவது கஸ்டமரே தேற்றியிருக்கிறார்களா?