அரண்மனைத் தூண் ஆடியபோது

என் சிரிப்பைப் பிறந்த வீட்டில் ரம்பச் சிரிப்பு என்பார்கள். எங்கள் அய்யா தச்சு வேலை செய்தவர். ரம்பம் மரத்தில் முதலில் கீச்சென்று கடித்து, பிறகு ஓட்டம் பிடிக்குமே, அதே மாதிரிதான் நான் சிரிப்பேனாம். முதலில் மூக்கில் ஒரு கீச்சு. அதோடு நிறுத்திக்கொண்டால் தப்பித்தேன். இல்லாவிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். "போற எடத்துல வாயை மூடிக்கிட்டு இரு தாயி, எங்க மானத்தை வாங்கிறாத" என்று சொல்லித்தான் என்னைக் காரைக்குடியில் கட்டிக் கொடுத்தார்கள். நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். என் கேடு, ஒரு மாசத்துக்குள் சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள்.

அறுபதுகளின் நடுவில் அது. புகுந்த வீடும் தச்சு வீடுதான். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், கல்யாணம் ஆகாத நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் ஒருவர் உண்டு, கடல் தாண்டிப் போய்விட்டார் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய படங்களுக்கு நடுவே ஒரு ஆணி மட்டும் சும்மா இருந்தது. புது மருமகள் ஆணியைப் பற்றியெல்லாம் கேட்க முடியுமா?

படம் ராஜா ராணிக் கதை. பொய்யே சொல்லமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்த இளவரசன், கள்ளர்களிடம் மாட்டிக்கொள்கிறான். காவலர்கள் வந்து "கள்ளர்கள் எங்கே?" என்றால், "இந்த நெல்லுக் குதிருக்குள்தான்" என்று நிஜத்தைச் சொல்லிவிட்டு கேலி செய்கிறான் என்று அந்தக் காவலர்களிடமே உதை வாங்குவான். வாள் சண்டை போட்டுக்கொண்டே எதிரியிடம் "உன் இடுப்புத்துணி அவிழுது" என்பான், அதுவும் நிஜமாகவே அவிழும். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் படம். கடைசியில் மட்டும் நீதி நேர்மை என்று கொஞ்சம் அழவைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவுக் குட்டைச் சுவர். இந்தப் பக்கம் பெஞ்சில் நான், எனக்கு வலது பக்கம் அயித்தை, இடது பக்கம் நாத்தனார். அயித்தை என்றால் என் மாமியார்தான். வீட்டில் எண்ணிப் பேசுகிறவர் தியேட்டரில் வேறு ஆளாக இருந்தார். முறுக்கை உடைத்து என் மடியில் போட்டார். "இப்பப் பாரு, குதிருக்குள்ள இருந்து தும்முவான்" என்று காட்சி வருவதற்கு முன்னாலேயே சொன்னார். ஏற்கெனவே பார்த்த படம் என்று தெரிந்தது.

குதிருக்குள் தும்மினான். பெண்கள் பக்கமே கொல்லென்று சிரித்தது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இடுப்புத்துணி அவிழ்ந்தது. விசில் கூரையைப் பிய்த்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரம்பம் போடலாமா? வந்த சிரிப்பை எல்லாம் உள்ளேயே அமுக்கி அமுக்கி வைத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

கடைசிக் காட்சி. மகன் செத்துப்போனான் என்று ராணி வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். கிழிந்த உடுப்போடு இளவரசன் தள்ளாடித் தள்ளாடி அரண்மனைக்குள் வருகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவன் நிற்க முடியாமல் ஒரு பெரிய கல்தூணைக் கட்டிப் பிடித்தான்.

தூண் ஆடியது.

லேசாக அல்ல. நன்றாகவே முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது. எனக்குத் தூண் என்றால் என்னவென்று தெரியும். அய்யா கண்டனூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் கதவு, நிலை பழுது பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். அங்கே பர்மாத் தேக்குத் தூணை நானும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. யானை வந்து முட்டினாலும் அசையாது. இங்கே ஒரு ராஜாங்கத்தையே தாங்குகிற தூண், பட்டினி கிடந்தவன் தொட்டதற்கு முருங்கைக் கிளையாக ஆடுகிறது. "அம்மா, நான்தான்" என்கிறான் அவன். தூணும் கூடவே தலையாட்டுகிறது.

மூக்கில் கீச்சென்றது. அவ்வளவுதான், தொலைந்தேன். அதுவரை அமுக்கி வைத்தது மொத்தமும் கிளம்பிவிட்டது. அந்த நிசப்தத்தில் என் சிரிப்பு ஒன்றுதான் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "யாருப்பா அது, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றது. நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? கையை நீட்டி, "தூணு ஆடுது! அந்தா பாருங்க, தூணு ஆடுது!" என்று கத்தினேன். எல்லாரும் பார்த்தார்கள். பாழாய்ப்போன தூண் இன்னும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ராணி ஓடி வந்து மகனைக் கட்டிக்கொண்டு என்ன சொன்னாள் என்பதே யார் காதிலும் விழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன், அயித்தையும் சிரிப்பார் என்ற நினைப்பில். அவர் முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தது. வாய் பாதி திறந்தபடி, அழுகை நடுவிலேயே நின்றுபோய், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். நாத்தனார் என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரொம்ப நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"எங்க ஆத்தா அழுதுக்கிட்டு இருக்கு, நீ பல்லைக் காட்டுற. மனுசிதானா நீ?"

"தூணு ஆடுச்சுங்க..."

"தூணு ஆடுனா ஒனக்கென்ன? நீ போயி முட்டுக் குடுக்கப் போறியா?"

படத்தில் வந்தவன் மாதிரி நானும் நிஜத்தைத்தான் சொன்னேன், உதைதான் பாக்கி.

மறுநாள் கிணற்றடியில் நாத்தனார் விஷயத்தைச் சொன்னாள். மூத்தவர் தச்சு வேலை வேண்டாம் என்று மாமாவோடு, அதாவது என் மாமனாரோடு, சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிப் போனவராம். போன பிறகு ஒரு சேதியும் இல்லையாம். "அவன் பேச்சை எடுத்தாலோ அவனுக்காக யாராவது அழுதாலோ நான் சோற்றில் கை வைக்கமாட்டேன்" என்று மாமா சொல்லிவிட்டாராம். ஒரு தடவை அயித்தை அடுப்படியில் விசும்பியதற்கு, மாமா இரண்டு நாள் நிஜமாகவே சாப்பிடவில்லையாம். ஆணியில் தொங்கிய மூத்தவர் படத்தைக் கழற்றியதும் மாமாதான்.

"ஆத்தா அந்தப் படத்துக்கு எதுக்குப் போகுதுன்னு நெனைச்சீக மதினி? சண்டை பாக்கவா? இருட்டுல அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக. பிள்ளை வார அந்த எடத்துல ஒரு பாட்டம் அழுதுட்டு வரும். வந்து ரெண்டு நாளைக்கு மொகம் தெளிவா இருக்கும். அதையும் கெடுத்துப்புட்டீகளே."

வாளியைக் கிணற்றில் விட்டிருந்தேன். கிணற்றிலேயே குதித்துவிடலாம் போல இருந்தது. தியேட்டர் பூராவும் இருட்டாகக் கிடக்க, ஒரு மனுஷி அழுவதற்கென்று தேடிப் பிடித்து வைத்திருந்த அந்த ஒரு இடத்தில் போய் நான் கெக்கலி கொட்டியிருக்கிறேன்.

அன்று மாலை அயித்தை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அயித்தே, நான் ஒங்களைப் பாத்துச் சிரிக்கல."

"தெரியும் ஆத்தா. ஆடுச்சு, சிரிச்ச. அந்தச் சுளகை இங்குட்டுத் தள்ளு."

முறத்தைத் தள்ளினேன். அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். அவர் சாகும்வரை அதற்காக என்னைத் திட்டவே இல்லை.

விஷயம் அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த வாரம் படம் பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் தூணைப் பார்க்கத்தான் போனார்கள். இளவரசன் வாசலில் தலை காட்டியதுமே "தூணு! தூணு!" என்று கூச்சலாம், ஆடியதும் விசிலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவிளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்து "அம்மா, நான்தான்" என்று ஆடிக் காட்டுவார்கள். நான் கடைக்குப் போனால் "தூணு வீட்டு மருமக வாராக" என்று காதுபடப் பேசினார்கள். மரக்கடையில் யாரோ மாமாவிடம், "ஒங்க மருமக கண்ணுலதான் பட்டுச்சாமே" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாமா, அன்றைக்குச் சாப்பிடும்போது, "ஆசாரி வீட்டுப் புள்ளைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். அயித்தை அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பளம் வேண்டுமா என்று கேட்டார். எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படம் ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் அயித்தை பக்கத்து வீட்டம்மாவோடு இன்னொரு தடவை போனார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது கண் காய்ந்திருந்தது. வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, "அந்த எடத்துல எல்லாரும் சிரிக்கிறாக" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தால் கை தானாக முந்தானையைத் தேடும். கீச்சு மூக்கிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அவர்கள் யாருக்கும் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை, "முந்தி நல்லாச் சிரிப்பியே புள்ள" என்று வேறு கேட்டார். வந்த ஆத்திரத்தில் "அது செத்துப் போச்சு, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

எழுபதுகளில் மாமா போய்ச் சேர்ந்தார். மூத்தவருக்குச் சொல்லிவிட ஒரு விலாசம்கூட இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அயித்தை பெட்டியின் அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் துடைத்து, அந்தச் சும்மா கிடந்த ஆணியில் தானே மாட்டினார். இனி யாரும் தடுக்கப்போவதில்லை. அழட்டும் என்று நாங்கள் விலகிப் போனோம். அவர் படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு, அரிசி களையப் போய்விட்டார். "வீட்டுல வரமாட்டேங்குது ஆத்தா" என்று என்னிடம் சொன்னார். "அழுகணும்னு நின்னா வரமாட்டேங்குது."

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், "கொட்டகையில அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுருக்காகளாம்ல. போவமா?" என்றார்.

எந்தப் படம் என்று கேட்கத் தேவையில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

கூட்டமே இல்லை. அதே பெஞ்சு, அதே குட்டைச் சுவர். பழைய பிரிண்ட், திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. குதிருக்குள் தும்மினான், நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. இடுப்புத்துணி அவிழ்ந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் சில காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். ராணி வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்ததும் அயித்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த எடம் வருதுல்ல?"

"ஆமா அயித்தே."

"எனக்கு அந்தத் தூணைப் பாத்தா எல்லாம் அட்டைன்னு தெரிஞ்சு போகுது. பிள்ளை வந்ததும் பொய்யாப் போயிருது. நான் கண்ணை மூடிக்கிறேன். ஆடி முடிஞ்சதும் சொல்லு."

முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், சின்னப் பிள்ளை ஒளிந்து விளையாடுவது போல. இத்தனை வருஷமாக எதை நினைத்தாலே குறுகிப் போனேனோ, அதை நான்தான் கண் கொட்டாமல் பார்க்க வேண்டியிருந்தது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவன் தள்ளாடி வந்தான். கட்டிப் பிடித்தான். தூண் முன்னுக்கு ஆடியது, பின்னுக்கு ஆடியது. காலேஜ் பையன்களில் ஒருவன், "டேய், தூணைப் பாருடா!" என்று வாயெடுத்தான்.

"வாயை மூடுடா!" என்று கத்தினேன். ஊரையே கூட்டுகிற அதே குரல்தான். தியேட்டர் கப்சிப் என்று ஆனது.

தூண் நின்றது. ராணி படியிறங்கி ஓடி வந்தாள்.

"முடிஞ்சிருச்சு அயித்தே. கண்ணைத் திறங்க. பிள்ளை வந்துட்டான்."