விழித்திரையில் உருண்ட செல்களும் ‘எடுத்த சமய’மும்

“பாக்கிறதுக்குன்னு ஒருத்தனைச் சம்பளம் போட்டு வச்சா, பாத்ததை அவன்...” என்று என் பெரியப்பா ஆரம்பிப்பார். “சொல்லணும்” என்று முடிப்பாரா, “சொல்லப்படாது” என்று முடிப்பாரா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். இரண்டில் எதையும் சொல்லக்கூடியவர்தான். அப்படிச் சம்பளம் வாங்குகிறவன் நான். மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்து எண்ணுவது என் தொழில்.

பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் எண்ணிவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பி, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கண் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எதை என்றால், விழித்திரையில் குடியிருக்கும் நோய் எதிர்ப்பு செல்களை. மைக்ரோக்ளியா என்று பெயர். நல்ல கண்ணில் இவை ஒவ்வொன்றும் மெல்லிய கைகளை நாலா பக்கமும் நீட்டி, பக்கத்துச் செல்லின் எல்லைக்குள் நுழையாமல், தன் வட்டாரத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கும். கேடு ஏதாவது வந்தால் கைகளைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாகி, செத்ததையும் சிதைந்ததையும் விழுங்கக் கிளம்பிவிடும். எலி, கோழிக்குஞ்சு, மீன், மனிதன் எல்லார் கண்ணிலும் இதே வழக்கம்தான். கை நீட்டியவை இத்தனை, உருண்டவை இத்தனை என்று எழுதி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்லைடு பார்த்துக் கண் பூத்துப்போன சக பாவிகளுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

செல் என்றால்

பெரியப்பாவின் மண்டியை இப்போது அவர் மகன் சங்கரண்ணன் நடத்துகிறார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அது கண்ணுக்கு ஏறி, இரண்டு வருஷமாக மாதம் ஒரு ஊசி, அதுவும் கண்ணுக்குள்ளேயே. ஊர் திரும்பிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மதினி இட்லியை வைத்துக்கொண்டே, “அங்க ஆபீஸ்ல நீங்க என்னதான் செய்யுதிய?” என்று கேட்டாள். “கண்ணுக்குள்ள செல்லு இருக்கும்லா மதினி, அதை எண்ணுதேன்” என்றேன். அண்ணன் தன் போனைத் தூக்கிக் காட்டி, “இந்தச் செல்லாடே?” என்று சிரித்தார். அந்த நகைச்சுவையை நான் எதிர்பார்த்தே போயிருந்தேன்.

எதிர்பாராதது மதினியின் முகம். அவள் பிறந்த வீட்டில் செல் என்றால் கரையான். கதவு நிலையை அரிக்கும், துணிப் பெட்டியை அரிக்கும். விளங்கவைக்கிறேன் பேர்வழி என்று பேப்பர் ஓரத்தில் ஒரு மைக்ரோக்ளியாவை வரைந்தேன். உடம்பு ஒன்று, கால் கால் காலாகப் பத்துப் பன்னிரண்டு. வரைந்து முடித்ததும் எனக்கே அது பூச்சியாகத்தான் தெரிந்தது. மதினி படத்தைப் பார்த்தாள், புருஷன் கண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதுக்கா மாசாமாசம் ஊசி போடுதாக? ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாப் போகாதா?”

கத்தரிப்பூ நிறப் படை

எங்கள் டைரக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்லை. மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைப் பார்ப்பார். அதிலும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கிய படத்தை. அவருக்கு இந்தச் செல்கள் போர்வீரர்கள். வாய் திறந்தால் படை, முற்றுகை, எல்லைக் காவல். என்னைக் கேட்டால் இவை பெரும்பாலான நேரம் குப்பை பொறுக்குகின்றன. ஆனால் துப்புரவுத் தொழிலாளி என்று சொன்னால் எந்தப் பத்திரிகைக்காரரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார் அல்லவா?

யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரு பெரிய படம் கேட்டார். காமிரா எடுப்பது கறுப்பு வெள்ளைதான். நிறத்தை நாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். நான் வழக்கம்போல் பச்சை போட்டேன். “எந்தா இது, தோட்டமா? யுத்தமல்லே? சிவப்பு இடு” என்றார். சிவப்பு போட்டேன். அரை நாள் கழித்து ஓடிவந்தார். வருகிறவர் சிவப்புக்கு எதிர்க்கட்சியாம். பச்சையும் இன்னொரு கட்சியின் கொடி. ஆரஞ்சு போடட்டுமா என்று நான் கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார், தன் வாயைத்தான். கடைசியில் மனித விழித்திரையின் வீரர்கள் கத்தரிப்பூ நிறத்தில் சுவரேறினார்கள். அதற்கு அவர் கொடுத்த விஞ்ஞான விளக்கத்தை அப்படியே தருகிறேன்.

“எலக்‌ஷன் கழியட்டே சாரே. அதுவரைக்கும் ஒரு கட்சிக்கும் வேண்டாத்த களர் போதும்.”

மீன் வேண்டாம், கண் போதும்

மனிதக் கண்ணோடு ஒப்பிட மற்ற பிராணிகளின் கண்ணும் வேண்டும். எலி இருந்தது. ஆராய்ச்சிக்கு வளர்த்த மீன்கள் மட்டும், தொட்டி மோட்டார் நின்றதால் மொத்தமாக மிதந்துவிட்டன. மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருந்தது. கமிட்டி என்பதால்தான் நின்றது. “மார்க்கெட்டில் இல்லாத மீனா?” என்று டைரக்டர் என்னை அனுப்பினார். நான் பிறந்ததிலிருந்து சைவம். ஹைவே ஓரத்தில் கூடை வைத்திருந்த அம்மாளின் முன்னால் குந்தி, சாளை மீன்களின் கண்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். எப்போது பிடித்தது என்று கேட்டேன். விடிகிற நேரத்தில் வலையில் ஏறியது, ஏழு மணிக்குக் கரைக்கு வந்தது, ஏழேகாலுக்கு ஐஸில் போட்டது, இப்போது ஒன்பது என்று மணி மணியாக ஒப்பித்தாள். எங்கள் நிலையத்தில் எந்தக் கண்ணுக்கும் இவ்வளவு சுத்தமான வரலாறு எனக்குக் கிடைத்ததில்லை.

அவள் முகத்தில் இவன் விஷயம் தெரிந்தவன் என்ற மரியாதை வந்தது. இருபது மீன் நிறுக்கப் போனாள். உடம்பு வேண்டாம், கண்ணை மட்டும் நோண்டிக் கொடுத்தால் போதும் என்று நான் சொன்ன அந்த நொடியில் அந்த மரியாதை இறங்கிப் போனது. பக்கத்துக் கூடைக்காரிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“கண்ணு பாத்து மீன் வாங்குறவன அறியும். கண்ண வாங்கிட்டு மீன் வேண்டாம்ணு சொல்லுறவன இப்பழாணு காணுறது. சாரே, வீட்டுல அறியுமோ?”

உன் பேரு போதும்

மனிதக் கண்கள் எங்களுக்குத் தானமாக வரும். இன்னொருவருக்குப் பொருத்த ஆகாது என்று ஒதுக்கியவை ஆராய்ச்சிக்கு. எது சர்க்கரை நோயாளியின் கண், எது மற்றவர் கண் என்று எண்ணுகிறவனுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மனசு சாயும். எண்ணிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தபோது, சர்க்கரைக் கண்களில் உருண்ட செல்கள் ஏகப்பட்டவை. டைரக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. கட்டுரை எழுதினார், இரண்டாவது பெயர் என்னுடையது. கட்டுரை ஒரு சஞ்சிகையின் பரிசீலனையில் இருக்கும்போதே, ‘வெறிகொண்ட வீரர்களை’ அமைதிப்படுத்த ஒரு மாத்திரையைச் சோதிக்கப் போவதாகப் பேப்பரில் என் பெயரையும் சேர்த்துச் செய்தி கொடுத்துவிட்டார். சேருகிறவர்கள் ஆறு மாதம் கண் ஊசியை நிறுத்த வேண்டும்.

செய்தி வந்த அன்று காலையிலேயே சங்கரண்ணன் போன் செய்தார். ஊசி என்றால் முந்தின நாளே மண்டிக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்வார். மருத்துவர் அவரிடம், ஊசி நின்றால் இருக்கிற பார்வையும் போகலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை நான் ஞாபகப்படுத்தினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னேன். பாதுகாப்பான பேச்சு, எதிலும் மாட்டிக்கொள்ளாத பேச்சு. அதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

“டாக்டர் கெடக்காரு. பேப்பர்ல உன் பேரு போட்டிருக்குல்லாடே, அது போதும். வர்ற திங்கள் போயி ஒப்புப் போட்டுருதேன்.”

எடுத்த சமயம்

போனை வைத்ததும் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கண்களோடு வந்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எல்லாம் சரி என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். உயிர் போனபின் நேரம் ஆக ஆக இந்தச் செல்கள் தாமாகவே கை சுருங்கக்கூடும். அதனால் இறந்து எத்தனை மணி நேரத்தில் கண் எடுக்கப்பட்டது என்பதுதான் ஆதாரம். கட்டுரையில் அதைப் பெருமையாகவே போட்டிருந்தோம்: எல்லாக் கண்களும் ஆறு மணி நேரத்துக்குள், சில அரை மணி நேரத்துக்குள்ளேயே! சீட்டில் ‘எடுத்த சமயம்’ என்று ஒரு கட்டம், அதில் 0.30, 0.45 என்று எண்கள். நானும் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. இறந்து அரை மணியில் வீட்டுக்காரர்கள் அழுதே முடித்திருக்க மாட்டார்களே, சம்மதக் கையெழுத்து யார் போட்டது?

அந்தச் சீட்டுகளை எழுதியவர் செல்வராஜ், மார்த்தாண்டத்துக்காரர், நகரத்து ஆஸ்பத்திரிகளில் கண் எடுக்கிறவர். கேட்டேன். “சாரே, எடுத்த சமயம்ணா, எடுக்கதுக்கு எடுத்த சமயம் தானே? நமக்குக் கை வேகம் உண்டு, அரை மணிக்கூர்ல முடிச்சிருவேன்” என்றார் பெருமையாக. மலைப் பக்கம், கல்லாறு வரைக்கும் போய் எடுத்து வருகிறவர் பிந்து. அவர் சீட்டில் 4.30, 5.15. அவர் எழுதியது கடிகார மணி. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் ‘இறந்தபின் ஆன மணி நேரம்’ என்று ஏற்றிவிட்டார். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே மாதிரி இரண்டு அர்த்தம் தரும் ஒரு சொல்லை வைத்து, இரண்டு பாஷையும் படித்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து மூன்றாவது அர்த்தத்தைக் கண்டுபிடித்திருந்தோம்.

பிந்துவும் நானும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தோம். செல்வராஜின் கண்கள், ஆள் இறந்து மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்தவை. பிந்துவின் கண்கள் ஒன்பது, பதினொன்று, ஒன்று பதினான்கு. சர்க்கரைக் கண்கள் அத்தனையும் பிந்துவினுடையவை. உருண்டது சர்க்கரையாலா, வண்டி தாமதத்தாலா? எண்ணிய எனக்கே இனித் தெரிய வழியில்லை. பிந்து சீட்டுகளை அடுக்கி டப்பாவை மூடினார்.

“எடுத்த சமயம் எல்லாரும் எழுதி. மரிச்ச சமயம் ஆரும் கேட்டில்லல்லோ சார்.”

மைனர் காரியம்

டப்பாவோடு டைரக்டர் அறைக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்; கெட்ட செய்தியைப் பொறுமையாகக் கேட்பதில் அவரை மிஞ்ச முடியாது. பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார். சஞ்சிகைக்காரர்கள் சீட்டைக் கேட்க மாட்டார்கள். அடுத்த கட்டுரையில் ‘வரம்புகள்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். நான் வெளிநாட்டு ஸ்டைலில் யோசிக்கிறேன். இங்கே காரியம் நடக்க வேண்டும். திங்கட்கிழமை பதினெட்டு பேர் சம்மதக் கையெழுத்துப் போட வருகிறார்கள், அதில் ஒருவர் என் அண்ணன் என்றேன். “அது பின்னே நல்லதல்லே? குடும்பத்தில் தன்னே விசுவாசம்” என்று மகிழ்ந்தார். மாத்திரை கெடுதல் செய்யாது என்றார். ஊசியை நிறுத்துவது செய்யும் என்றேன். டப்பாவை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இது மைனர் காரியம். செத்தவன் ஆராவது வந்து, சமயம் சரியில்லைண்ணு பிராது எழுதித் தருமோ?”

என் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை; பிழையே இல்லாத எண்ணிக்கையை வைத்தும் ஒருவர் கண்ணை அவிக்கலாம் என்பதுதான் இத்தனை வருஷத் தொழிலில் நான் புதிதாகக் கற்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பதிவேட்டு நேரங்களையும் எல்லாச் சீட்டுகளின் நகலையும் வைத்து, என் எண்ணிக்கையையும் பெயரையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிடும்படி சஞ்சிகைக்கு எழுதினேன்; அதே கடிதத்தைச் சோதனைக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கும் அனுப்பினேன்; சாலைக் கம்போளத்து மண்டிக்குப் போய், சங்கரண்ணனிடம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.