படம் மாதிரிக்கு மட்டும்

“படம் போட்டுக் குடுத்ததுக்கு அந்த நாற்காலிக் கம்பெனி வீட்டுக்கே சோபா இறக்கிருச்சாம்.”

சொன்னவள் மருத்துவமனையின் ரிசப்ஷனில் இருக்கும் பெண். அவளுக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னாராம். டிரைவர் காதில் யார் ஓதினார்களோ. பாதி சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. “ஐயோ, உங்களைச் சொல்லலக்கா. பொதுவாப் பேசிக்கிறாங்க” என்று மழுப்பிவிட்டு, அடிக்காத போனை எடுத்து ஹலோ என்றாள்.

பொதுவாவது ஒன்றாவது! அந்த மருத்துவமனையில் டெண்டருக்குப் படம் போடுகிற ஆள் ஒருத்திதான். கொள்முதல் பிரிவில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, என்ன பொருள் வேண்டும், எப்படி வேண்டும் என்று கம்பெனிகளுக்கு அனுப்பும் ஆவணங்களை இரண்டு மொழியிலும் தயார் செய்வது அவள் வேலை. யார் எதைத் திருத்தச் சொன்னாலும் “எந்தப் பக்கம்?” என்றுதான் முதலில் கேட்பாள். அதனால் ‘பக்கம் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெயரை வைத்தே கேலி. “அக்கா எந்தப் பக்கம்னு இப்பல்ல தெரியுது!”

சோபாவாம். அவள் வீட்டு சோபாவுக்கு ஒரு கால் ஒடிந்து, மாமனாருடைய பழைய அகராதி முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வினை ஆரம்பித்தது ஒரு வார்த்தையில். போன தடவை வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு ‘கை மடக்கும் நாற்காலி’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கையை மடக்கி மேலே தூக்கிவிடலாம், நோயாளி சிரமமில்லாமல் நகர்ந்து உட்காரலாம் என்பது எண்ணம். வந்து இறங்கியதோ, கையால் மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும் நாற்காலி. கம்பெனிக்காரர் அசரவே இல்லை. “நீங்க எழுதுனதத்தானே சார் குடுத்திருக்கோம்?” என்றார். மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“இனிமே எழுத்தை நம்பாதீங்கம்மா. படம் போடுங்க. ஆனா நெட்ல இருந்து எடுக்காதீங்க, கேஸ் போடுவான். நாமளே எடுத்த படமா இருக்கணும்.”

படம் போடுவதென்ன லேசான காரியமா? ஒரு படத்தை உள்ளே நுழைத்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும். அட்டவணையை இழுத்துப் பிடித்தால் படம் தலைப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தாஜா செய்து உட்காரவைத்தால், கோப்பு கனத்துப்போய் மெயிலில் போக மாட்டேன் என்னும். சுருக்கினால் நாற்காலி சேற்றில் புரண்ட எருமை போலத் தெரியும். திரையோடு மல்லுக்கட்டி அவளுக்குக் கண் எரிந்தது.

நாற்காலிக்கு எங்கே போவது? நாத்தனார் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறார். அங்கே கை மடங்கும் நாற்காலிகள் வரிசையாக உண்டு. “அண்ணி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்” என்று கேட்டாள். அண்ணி சும்மா அனுப்புவாரா? தலை வாரி, பவுடர் போட்டு, ஒரு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, உதவியாளரை எடுக்கச் சொல்லி அனுப்பினார். பின்னால் பல் டாக்டரின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

இவள் என்ன செய்வாள்? அண்ணியை வெட்டினாள். பெயர்ப்பலகையை வெட்டினாள். பக்கத்து நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டாள். அதன் காலில் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. யாருக்கும் சாதகமாகிவிடக் கூடாதே என்று அதைத் தேய்த்து மங்கலாக்கினாள். கீழே ‘படம் மாதிரிக்கு மட்டும்’ என்று எழுதினாள். போனில் இடமில்லை என்று மூலப் படத்தையும் அழித்துத் தொலைத்தாள்.

அந்த மங்கல்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. அந்த ஸ்டிக்கர் கம்பெனிக்குச் சாதகமாகப் படம் போட்டிருக்கிறார்கள் என்று வேறொரு கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. மாடியில் விசாரணை. மேனேஜர் எதிரே இருந்தும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவர் தணிக்கை அதிகாரி.

“தப்பு இல்லேன்னா எதுக்கும்மா பேரை அழிச்சீங்க?”

“பேரு தெரியக் கூடாதுன்னுதான் சார்.”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

“சார், மாதிரிக்கு மட்டும்னு கீழ போட்டிருக்கேனே. சும்மா ஒரு உதாரணத்துக்கு…”

“மாதிரின்னா, இதே மாதிரி வேணும்னுதானே அர்த்தம்? ஸ்டிக்கரை அழிச்சாலும் பாக்குறவனுக்கு நாற்காலி யாருதுன்னு தெரியாதா? படத்தைக் கம்பெனிக்காரன் குடுத்தானா இல்லையா?”

நாத்தனார் கொடுத்தார், முழுப் படத்தில் அவரும் பல் டாக்டர் பலகையும் இருக்கும் என்றாள். அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

“அப்ப அந்த முழுப் படத்தைக் காட்டுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி வந்தா புகாரைத் தள்ளிடுறேன். இல்லேன்னா உங்க வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்னு எழுதித்தான் ஆகணும். எனக்கும் வேற வழியில்லம்மா.”

வெளியே வந்து வராந்தாவில் நின்று நாத்தனாருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. கணவனுக்கு அடித்தாள்.

“என்னங்க, அண்ணி ஏன் போன எடுக்க மாட்டேங்கிறாங்க?”

அந்தப் பக்கம் அசட்டுச் சிரிப்பு. “அது வந்து… ஒண்ணுமில்ல. டெண்டர்ல தன் படம் வந்துச்சான்னு அக்கா கேட்டா. ‘அவ உன்னை வெட்டிட்டு நாற்காலிய மட்டும் வச்சிக்கிட்டா’ன்னு சும்மா தமாஷுக்குச் சொன்னேன்…”

“சொன்னீங்களா?”

“அவ இப்படி எடுத்துக்குவான்னு யாருக்குத் தெரியும்? ‘நான் அந்த நாற்காலிக்குக் கூட சமானம் இல்லையா’ன்னு கேட்டா. உன் நம்பரையே பாக்க மாட்டாளாம்.”

“என் வேலை போகப் போகுதுங்க! உங்க தமாஷைக் கொண்டுபோய்… நீங்க பேசுங்க. அந்த போட்டோவை மட்டும் அனுப்பச் சொல்லுங்க.”

“எனக்கும் எடுக்கலம்மா. நான் உன் கட்சியாம்.”

அண்ணி இருக்கும் படத்தைத்தான் மாடியில் கேட்கிறார்கள் என்று எப்படியாவது சொல்லிவிட்டால் போதும், அண்ணி ஓடி வந்தே கொடுப்பார். செய்தியாக எழுதிப் போட்டாள்: ‘அண்ணி, நீங்க இருக்கிற படம்தான் வேணும். பெரிய அதிகாரியே கேக்குறார்.’ அனுப்பியது போய்ச் சேர்ந்தது. பார்த்த அடையாளம் விழவில்லை.

பல் மருத்துவமனை நம்பரைத் தேடி எடுத்து அதற்கு அடித்தாள். அங்கே போன் எடுக்கிற வேலையே அண்ணிக்குத்தான். மணி போனது. மாடிப்படியில் யாரோ சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார்கள். போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, “எடுங்கண்ணி, எடுங்க” என்றாள். மணி போய்க்கொண்டே இருந்தது.