பெரிய மந்திரவாதிகளின் புத்தகம்

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் அதுகளுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் நான். ஏழு பேரில் கைநாட்டு வைக்கிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

போன மாதம் என் பேத்தி நிவேதாவுக்குப் பார்சலில் ஒரு புத்தகம் வந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் புதுத் தாளும் மையும் கலந்த வாடை, லேசாக மண்ணெண்ணெய் மாதிரி, கூடம் முழுக்கப் பரவியது. அட்டையில் தாடிக்காரர் ஒருவர் உள்ளங்கையில் தீயை ஏந்திக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவளும் கூடப் படிக்கிற மூன்று பெண்களும் எங்கள் திண்டுக்கல் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஓர் ஆளாக இருந்துகொண்டு, கதவை உடைக்கிறேன், மரத்தில் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு, பல முகம் வைத்த கட்டையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பார்த்துத்தான் கதவு உடைந்ததா இல்லையா என்று முடிவாகும். அதற்கு ஏற்கெனவே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். இது கூடுதல் புத்தகமாம். மற்ற மந்திரவாதிகளைவிடப் பலம் கூடிய பெரிய மந்திரவாதிகளுக்கென்றே தனியாகப் போட்டதாம். எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது என்றேன். அவள் சிரித்தாள். 

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அய்யா ஆட்டு வியாபாரம் செய்தவர், வாரம் தவறாமல் அய்யலூர்ச் சந்தைக்குப் போவார். நானும், என்னைவிட ஒரு வயது இளைய தங்கை செல்லமும் ஆடு மேய்த்தோம். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. ஆட்டைப் பட்டியில் அடைத்த பிறகு களத்தில் கூடி "மந்திரவாதி ஆட்டம்" ஆடுவோம். ஒருவர் ராஜா, ஒருவர் பேய், ஒருவர் மந்திரவாதி என்று வைத்துக்கொண்டு, நடக்க நடக்கக் கதையைச் சொல்லிக்கொண்டே போவது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, நான்கு கொட்டையைக் குலுக்கிப் போட்டால், வெள்ளை அதிகம் விழுந்தவருக்கு மந்திரம் பலிக்கும், கருப்பு அதிகம் விழுந்தவருக்குப் பலிக்காது. செல்லத்துக்கு எப்போதும் வெள்ளைதான் விழும். அவள் என்னைக் "கட்டு" என்று சொல்லிக் கட்டிப்போட்டுவிடுவாள், நான் அசையாமல் நிற்பேன். அடுத்த வீட்டு ரோசம்மாள் என் காதுக்குள் வந்து, மூத்ததுக்குக் கொட்டையும் பயப்படல, கூடப்பிறந்ததும் பயப்படல என்பாள்.

ஒரு சந்தை நாளில் அய்யா மெலிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ ஆட்டுக்காரர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்களாம். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. படம் போட்டிருக்கிறதே என்று வாங்கிவந்து கூரை எரவாணத்தில் செருகிவிட்டு அதை மறந்துபோனார். நான் மறக்கவில்லை. மறுநாள் அதைக் களத்துக்கு எடுத்துப்போய், இது பெரிய மந்திரவாதிகளின் புத்தகம், இனிமேல் இதில் உள்ளபடிதான் ஆட்டம் என்று சொன்னேன். நடுப்பக்கத்தில் நான்கு அறை வைத்து, வளைந்து வளைந்து போகிற வழியோடு ஒரு படம் இருந்தது. அது சிறுமலை உச்சியில் இருக்கிற மந்திரவாதியின் கோட்டை என்றேன். இலை மாதிரி தட்டையாக இன்னொரு படம். அது அவன் ஏவிவிடுகிற "இலைப்பேய்". விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் வாசித்தேன்: சிறுமலைக்காரனை யாரும் கட்ட முடியாது, கருப்பு விழுந்தாலும் அவனுக்குப் பலிக்கும், புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவரே சிறுமலைக்காரர். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது களத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கும் எழுத்துத் தெரியாது.

அதன் பிறகு நான் தோற்கவில்லை. செல்லம் ஒருநாள்கூட மறுத்துப் பேசவில்லை. கட்டு என்றால் நிற்பாள், அவிழ்த்தேன் என்றால் நடப்பாள். நான் வாசிக்கிற சத்தத்தை அய்யா ஒருநாள் கேட்டுவிட்டார். யாரிடம் கற்றாள், எப்படிக் கற்றாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அய்யலூர் வரைக்கும் போய், எங்க மூத்த கழுதை புஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை வாரிவிட்டவர் ஆத்தா அல்ல, அய்யா.

அந்தக் கோடையில்தான் திண்டுக்கல்லிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். படிக்காத வீட்டுப் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு ஒருத்தி என்று கூட்டிப்போய், தங்கவைத்து, முதல் எழுத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்களாம். மூத்தவளை அனுப்புங்கள் என்று அவர் கேட்டதும், அய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மூத்தவளுக்கு எல்லாம் வரும் டீச்சர். சின்னவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அவளக் கூட்டிட்டுப் போங்க."

டீச்சரம்மா என்னைப் பார்த்து, நீ வாசிக்கிற புத்தகத்தைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தனியாக ஆட்டுப் பட்டிப் பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"எழுத்து தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு பாப்பா. நீதான் மூத்தவ. உன்னையே கூட்டிட்டுப் போறேன்."

எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அதை இன்றைக்கு மறைப்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியின் படலுக்கு அந்தப் பக்கம் ரோசம்மாள் நின்றாள், செல்லம் நின்றாள், அவர்களுக்குப் பின்னால் அய்யா நின்றார்.

"எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர்" என்றேன்.

 அவர் புத்தகத்தை என் கையில் வைத்தார். வைக்கும்போது தலைகீழாகத் திருப்பி வைத்தார். அதுநாள் வரை கோட்டையின் வாசல் கீழ்ப்பக்கம் இருந்தது. அவர் கொடுத்தபோது மேல்பக்கம் இருந்தது.

மறுநாள் காலையில் செல்லம் ஒரு மஞ்சள் பையில் இரண்டு பாவாடையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நான் கம்மங்கூழும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆடு மேய்ந்தது, நான் நின்றேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் வந்தாள். எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை பின்னியிருந்தாள். களத்தில் எல்லாரும் கூடினோம். ரோசம்மாள் புத்தகத்தை என் மடியிலிருந்து பிடுங்கி அவள் கையில் கொடுத்தாள்.

"படிச்சுட்டு வந்தவளே, வாசி. ஒங்கக்கா இத்தன நாளு சொன்னதெல்லாம் இதுல இருக்கான்னு பாப்போம்."

செல்லம் முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எழுத்தைக் கூட்டுகிற உதடு அது, எனக்குத் தெரியாத அசைவு. நடுப்பக்கத்துக்குப் போனாள். படத்துக்குக் கீழே இருந்த வரியில் விரல் நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு விரலை ஓட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தாள்: இது சிறுமலைக்காரனின் நாலு அறைக் கோட்டை, அவனை யாரும் கட்ட முடியாது, கருப்பு விழுந்தாலும் அவனுக்குப் பலிக்கும். நான் சொன்னதில் ஒரு சொல் குறையவில்லை. ரோசம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அதில் உண்மையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"ஆட்டுக்கு வகுறு ஊதுனா என்ன செய்யணும்னு போட்டிருக்குக்கா" என்றாள். "அந்தக் கோட்ட ஆட்டோட எரப்பை. இலைப்பேய் ஈரல்ல இருக்கிற புழு."

நான் சரி என்றேன்.  அதற்குப் பிறகு அந்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை, மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். யாராலும் தோற்கடிக்க முடியாத ஒருவனை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஆடுவார்கள்.

செல்லம் டீச்சரானாள். நான் என் மூத்த மகனின் சிலேட்டில், அவன் தூங்கின மத்தியானங்களில், அ, ஆ என்று தடவித் தடவிக் கற்றேன். அது முப்பது வயதுக்கு மேல். அவள் சொல்லித் தருகிறேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மூத்தவ கல்லு மாதிரி இருக்கா என்று யாரோ சொன்னார்கள். இருந்தேன்.

இப்போது அந்தக் களத்தில் ப்ளாட் கல் நட்டிருக்கிறார்கள். கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது எரவாணத்தோடு புத்தகமும் கரையானுக்குப் போனது. அதில் எழுதியிருந்ததைப் படித்துத் தெரிந்தவர்கள் டீச்சரம்மாவும் செல்லமும், இருவரும் இல்லை. இதை நிவேதாவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் பென்சிலால் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. கொம்பும் காலும் இடம் மாறிப் போயிருக்கும்.

நிவேதா, செத்த இப்படி வந்து உக்காரு. இத வாசி. எழுத்து தப்பா இருந்தா தப்பாவே வாசி. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நீயா எதையும் சேக்காத. என்ன போட்டிருக்கோ, அத மட்டும் வாசி.