கடைசி வண்டியின் ஏர் ஃபில்டர்

சென்வெலோ அக்கா என் கடைக்கு வந்தாள் என்றால் அவள் புருஷன் மோடிசாவின் குடும்பத்தில் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புருஷன் என்று நான் சொல்கிறேன். அந்தக் குடும்பம் அப்படிச் சொல்லாது. அவளுக்காக மோடிசா வீட்டிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்குப் பரிச மாடு போகவில்லை. மாடு போகாதவரை அவள் அங்கே மருமகள் இல்லை, கூட இருக்கிறவள், அவ்வளவுதான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், மாடு மட்டும் இன்னும் பட்டியில்தான் நின்றது.

பாலைவன ஊரான ஹுகுன்ட்சியில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மோடிசாவின் ஊர் இங்கிருந்து மணல் பாதையில் பாதி நாள் தூரம். பிணவறை இங்கேதான். யார் செத்தாலும் வெள்ளிக்கிழமை இங்கே வந்து பெட்டியை எடுத்து, எல்லா வண்டியும் வரிசையாக ஊருக்குப் போகும். சனிக்கிழமை விடியும்போது அடக்கம். வரிசையில் பெட்டி வைத்த வண்டி முதலில், பிறகு ரத்த சொந்தம், பிறகு மாடு கொடுத்துக் கொண்டுவந்த மருமகள்கள், பிறகு மற்றவர்கள். ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது, இடைவெளி விட்டுப் பின்தங்கவும் கூடாது. பின்தங்கினால் செத்தவரை மதிக்கவில்லை என்பார்கள். மண்வெட்டியும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றிய அக்காவின் வெள்ளைப் பிக்கப் கடைசியில். முன்னால் போகும் அத்தனை வண்டியின் புழுதியும் அவள் இன்ஜினுக்குத்தான்.

பிக்கப் அவளுடையது. ஆடு வளர்த்து, விற்று, தானே வாங்கியது. மோடிசாவுக்கு ஓட்டத் தெரியாது.

முதல் இன்ஜினை அவள் எங்கள் ஊர் வழக்கப்படியே கொன்றாள். இங்கே ஃபில்டர் அடைத்தால் கழற்றி டயரில் நாலு தட்டு தட்டி மறுபடி மாட்டுவோம். புழுதி கொட்டுவதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். தட்டத் தட்ட ஓர ரப்பர் கோணிக்கொள்ளும், அந்தச் சந்து வழியாக மணல் நேரே உள்ளே போகும். மூன்று சாவு தாண்டியது, நான்காவதில் இன்ஜின் புகை கக்கி நின்றது. அதற்குப் பிறகு அவள் தட்டுவதில்லை. ஒரு சாவுக்கு ஒரு ஃபில்டர். வெள்ளிக்கிழமைக்கு முன் புதியது.

வாங்குவதும் லேசில் நடக்காது. விலை மலிந்த போலியை எடுத்து வெயிலில் பிடித்து உள்ளே பார்ப்பாள். ஓரத்தில் கட்டைவிரலை அழுத்துவாள், ரப்பர் திரும்ப எழும்பாவிட்டால் என் பக்கம் தள்ளிவிடுவாள். கழுவிக் கழுவிப் போடலாம் என்று எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் ஒன்று வந்தது. ஆசையாக எடுத்துக் காட்டினேன்.

"மணல்ல எண்ணெயப் பூசினா கூழுதான் ஆகும் தம்பி. அதை நீயே குடி," என்றாள்.

கடைசியில் கம்பெனிக் காகித ஃபில்டர்தான். அதையும் உறையில் பொருத்தி, மூடி நான்கு பக்கமும் ஒரே மாதிரி இறுகுகிறதா என்று பார்த்த பிறகே காசு எடுப்பாள்.

மோடிசாவின் அப்பா செத்த வாரம் என்னிடம் போலி மட்டும்தான் இருந்தது. அவள் அழுத்திப் பார்த்தாள், ரப்பர் எழும்பவில்லை. வேறு யார் வண்டியிலாவது ஏறிப் போயேன் என்றேன். அவள் காதில் வாங்காமல் வெளியே போய் என் பிக்கப்பின் முன்மூடியைத் திறந்தாள்.

"போன வாரம்தானே புதுசு மாட்டின? கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். என் வண்டி அந்த வாரம் கடை வாசலில் சும்மா நின்றது.

பெட்டி எடுத்த அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வாய் திறந்து கேட்டிருக்கிறாள். படுக்கையில் கிடந்த கிழவரை இரண்டு வருஷம் குளிப்பாட்டியவள் அவள். இந்த ஒரு தடவை மருமகள்களோடு முன்னால் வரட்டுமா என்று மோடிசாவின் பெரியப்பாவிடம் கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மாடு போகட்டும், அப்புறம் நீயும் முன்னால போ," என்றார். மாட்டை அனுப்ப வேண்டியவரே அவர்தான். மோடிசா பக்கத்தில் நின்று காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அக்கா என் ஃபில்டரோடு கடைசியில்தான் போனாள். இறங்கியபோது புருவமெல்லாம் மாவு பூசியதுபோல இருந்ததாம்.

போன குளிர்காலத்தில் பெரியப்பாவின் தங்கை சாகக் கிடந்தாள். அக்கா முன்கூட்டியே வந்து ஃபில்டர் வாங்கி, கடை வாசலிலேயே தன் கையால் மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் கிழவி பிழைத்துக்கொண்டாள். இரத்தக் கொதிப்பில் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாதவள் அக்காதான்.

அவள் பிறந்த ஊரான லெஹுடுடுவிலிருந்து அவள் அண்ணன்மார் வந்தார்கள். சத்தம் போடவில்லை. மோடிசா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"எங்க தங்கச்சிய எந்த உரிமைல புதைக்கப் போறீங்க? மாடு வரட்டும், அப்புறம் பெட்டிய எடுங்க. இல்லன்னா எங்க ஊருக்குக் கொண்டுபோறோம்," என்றார் மூத்தவர்.

அப்படிக் கொண்டுபோனால், கூட இருந்தவளைக்கூடப் புதைக்க முடியாத குடும்பம் என்று ஊர் சிரிக்கும். இத்தனை வருஷம் அவர்கள் சொன்ன சாக்கில் மெலிந்திருந்த மாடு, சினையாக இருந்த மாடு, காணாமல் போன மாடு எல்லாம் வியாழக்கிழமை லெஹுடுடு பட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பெரியப்பாவே ஓட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அவள் மருமகள்.

பெட்டியை அவள் பிக்கப்பில் ஏற்றினார்கள். மோடிசா என்னை ஓட்டச் சொன்னான், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பாதையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உப்புப் பள்ளமும் அதன் ஓரத்து மான்களும் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புழுதிதான் தெரிந்தது. பெரியப்பாவின் வண்டி அதற்குள் எங்கோ வந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து நான்கைந்து நாள் கழித்து மோடிசா யாருடைய வண்டியிலோ கடைக்கு வந்தான். கையில் பழைய துணியில் சுற்றிய ஃபில்டர். எப்படியோ தானே கழற்றியிருக்கிறான்.

"இதே மாதிரி ஒண்ணு குடு. ஒவ்வொரு சாவுக்கும் அவ மாத்துவா."

துணியைப் பிரித்து வெயிலில் பிடித்தேன். மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் வந்தது. ஓரத்தை அழுத்தினேன், ரப்பர் எழும்பியது. விரலில் ஒட்ட ஒரு மணல்கூட இல்லை.

"இதை மாத்த வேண்டாம். புதுசாவே இருக்கு," என்றேன்.

"பாதி நாள் ஓடியிருக்கே?"

"இந்தத் தடவை அவ முன்னால போனா."

அவன் ஃபில்டரை வாங்கி, அவள் செய்வதுபோலவே வெயிலில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் அதைக் கீழே இறக்கவில்லை.