ஒன்பது மணி ஜீப்

நானும் என் அக்காள் கணவரும் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓட்டினோம். அதுவரை மலையில் ஒரே ஒரு ஜீப்தான். அதன் சொந்தக்காரர் வெள்ளிமலைக்காரர். ஆள் நிரம்பாமல் வண்டியை எடுக்க மாட்டார். நாங்கள் அவர் வாங்கிய கட்டணத்தில் பாதிதான் வாங்கினோம். மூட்டைக்கு மட்டும் தனியாகக் கேட்டோம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஒன்பதுக்கு மலையிலிருந்து இறங்கிவிடுவோம். ஆரம்பத்தில் டீசலுக்கே கட்டவில்லை. மாமா அசரவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிகினு ஓட்டுவோம். அவரால தாக்குப்புடிக்க முடியாது" என்றார்.

அப்படியேதான் ஆயிற்று. அவர் உளுந்தூர்பேட்டையில் வண்டியை விற்றுவிட்டு, எங்கள் ஜீப்பில்தான் மலையேறினார். நான் அவரிடம் காசு வாங்காமல் பெருந்தன்மை காட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் இரண்டாவது ஜீப் தேடிக்கொண்டிருந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சமவெளிச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களும் மறியலில் நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வாரம் ஜீப் கள்ளக்குறிச்சியில் எங்கள் வாசலில் நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன்.

எட்டாம் நாள் மலையேறினோம். நிறுத்தத்தில் ஒருவர் காத்திருந்தார். உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்க்காரர், எங்களுடைய வாடிக்கையாளர். மறியலின் முதல் நாள் அவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. கீழே நடப்பது அவருக்குத் தெரியாது.

"தூளி கட்டித் தூக்கிகினு எறங்கலாம்னு பசங்க சொன்னாங்க. நான்தான் வேணான்னேன். ஒம்போதுக்கு ஜீப் வந்துடும், என்னைக்கும் தப்புனதில்லன்னு இங்கியே குந்திகினு இருந்தேங்க."

மத்தியானத்துக்கு மேல்தான் தூக்கியிருக்கிறார்கள். பாதி வழியில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

மலைப்பாதையில் ஒரு மரம்கூட விழவில்லை. அடிவாரத்து ஆஸ்பத்திரி வரை வழி திறந்தே கிடந்தது. எங்களுக்கு முன்பு ஓடிய அந்த ஜீப் மட்டும் இருந்திருந்தால், அன்றைக்கு அது வெள்ளிமலையில், அதன் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றிருக்கும்.

மனைவியைப் பறிகொடுத்தவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "காரியத்துக்குச் சாமான் வாங்கணும். சாயங்காலம் வண்டி திரும்பி வருங்களா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். மணி ஒன்பது. வரும் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.