செம்பருத்தியில் தொங்கவிட்ட பட்டு நூல்

என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டுதான், ஆனால் கை கோட்டுக்கு அடங்க மாட்டேன் என்கிறது. எழுதப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. இதை எழுத நான்கு நாள் ஆனது. மருமகள் போட்டோ பிடித்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். நான் மெதுவாக எழுதினேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

ஈரத் துணியும் முருங்கைப் பூவும் கலந்த ஒரு வாசனை...

காலை பத்து மணிக்கு எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வாசனை வரும் என்பது எனக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது. அதுவரை அந்த நேரத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன்.

ஒன்பது வருடம் முன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் மனைவி பச்சையம்மா பாவு பிணைப்பவள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். பழைய பாவு முடியும் இடத்தில், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழை. சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

"சும்மா குந்திக்கினு என் வாயைப் பாக்காத. எதனா செய்யி" என்றாள்.

செய்தேன். கொட்டாங்குச்சியில் கயிறு கட்டிப் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தேன். புடவை வைக்கும் அட்டைப் பெட்டியை வெட்டி நொய் போடும் தட்டு செய்தேன். பழைய பலகையில் ஒரு கூண்டு அடித்தேன். அதில் குருவி வரவில்லை, பல்லி குடிவந்தது.

எந்தப் பறவை எத்தனை தடவை வந்தது என்று குறித்து வைக்க ஆசை. எழுதத்தான் தெரியாதே... ஒரு நீள அட்டையை எடுத்து, கிளி வந்தால் பச்சை நூலில் ஒரு சுற்று, காக்கைக்குக் கறுப்பு, தவிட்டுக்குருவிக்கு அரக்கு என்று சுற்றினேன். பச்சையம்மா வீட்டில் துண்டு நூலுக்குப் பஞ்சமா?

சாயங்காலம் அட்டையை வாங்கிப் பார்ப்பாள். "இன்னிக்கு கிளி ஆறு வாட்டியா? கொய்யா காலி" என்பாள்.

தேன்சிட்டுக்கு மட்டும் கத்தரிப்பூ கலர். ஆண் சிட்டு வெயிலில் திரும்பினால் டபுள் ஷேட் புடவை மாதிரி மினுக்கும். பெண் சிட்டு சாதாரணமாக இருக்கும், ஆனால் வேலை எல்லாம் அதுதான். எங்கள் துணிக்கொடியில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. நாரும் சிலந்தி நூலும் கொண்டுவந்து, ஒரு நாளைக்கு நூறு நடை.

அதற்கு உதவலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் ஒருவருக்கு நூல் கொடுத்தால் நீளமாகத்தான் கொடுப்போம், துண்டு நூல் கொடுப்பது மரியாதை இல்லை. அதனால் நல்ல முறுக்கு ஏறிய பாவுப் பட்டிலேயே முழ முழமாக எடுத்துச் செம்பருத்தியில் தொங்கவிட்டேன்.

எதிர்வீட்டு தனலட்சுமி பார்த்துவிட்டாள். "இன்னா மாமா, குருவிக்கு முகூர்த்தப் பொடவை நெய்யப் போறியா?" என்று சிரித்தாள். சிரித்தவள் தன் வேலியிலும் தொங்கவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில்.

ஆறாம் நாள் காலை அந்தப் பெண் சிட்டு செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கியது. ஒரு காலில் பட்டு நூல். துடிக்கத் துடிக்க இறுகியது. பட்டு அறுகிற நூலா...

ஓடிப்போய்ப் பிடித்தேன். என் விரல் தடிமன், நூல் கண்ணுக்கே தெரியவில்லை. கத்தரி கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

பச்சையம்மா வெறுங்கையோடு வந்தாள். "கத்திரிச்சா நூலு போவுமா, காலு போவுமா? அமுக்காம வெச்சிக்கினு நில்லுய்யா, போதும்."

விரலைத் தண்ணீரில் நனைத்து நூல் மேல் வைத்தாள். முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக உருட்டினாள். "ஒண்ணு... ரெண்டு..." என்று சுற்றை எண்ணினாள். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்தது. ஐந்தாவது சுற்றில் நூல் கழன்றது. கால் முழுசாக இருந்தது.

சிட்டு பறக்கவில்லை. நான் செய்த உதவியால் ஒரு உயிர் போகிறது என்று நினைத்தேன். பச்சையம்மா அதைத் தன் கைக்கு மாற்றி, முந்தானையால் நிழல் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து முருங்கைக்குப் பறந்தது. அன்றைக்குக் கூட்டுப் பக்கம் வரவே இல்லை.

நூலை எல்லாம் கழற்றிவிட்டு, மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில், "இன்னிக்கு நாங்க கழட்டிடுவோம், நாளைக்கு வேற யாரனா மாட்டுவாங்க. எழுதி மாட்டு பெருசு" என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் எழுதத் தெரியாது.

ஏழாம் நாள், வாயில் ஒரு நாரோடு சிட்டு கூட்டுக்குத் திரும்பியது. பச்சையம்மா கத்தரிப்பூ கலர் நூலைத் தானே எடுத்து அட்டையில் ஒரு சுற்று சுற்றினாள். தறிக்காரர்கள் எத்தனையோ பேர் அவள் கையைப் புகழ்ந்திருக்கிறார்கள். நான் அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தேன்.

இப்போது மில்லுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று சாயங்காலம் படிக்கப் போகிறேன். போன வாரம் ஒரு புடவைப் பெட்டி மூடியில், பெரிய எழுத்தில், நானே எழுதினேன்.

"குருவிக்கு நூல் வைத்தால் ஒரு விரல் நீளம் வெட்டி வையுங்கள். நீள நூல் காலைச் சுற்றும்."

கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே நின்று பார்த்தேன். கூடையோடு போன யாரோ ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், நின்று வாய்விட்டுப் படித்தார். நான் யாரையும் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. "ஓ, அப்டியா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பச்சையம்மாவிடம் சொன்னேன். "நீ எழுதுனத படிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

இந்த வருடமும் துணிக்கொடியில் கூடு இருக்கிறது. பெண் சிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, எட்டிப் பார்க்கக் கூடாது என்று பச்சையம்மா உத்தரவு. குஞ்சு எத்தனை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அதற்குள் கை வலியும் குறைந்துவிடும்.